கை மாத்திரை

மணி இரண்டரை ஆனதும் ஜெனிட்டா சிஸ்டர் வந்து, திரும்பிப் படுக்கச் சொல்லி, தலையணை இரண்டையும் இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்று நெஞ்சுக்கு அடியில், ஒன்று இடுப்புக்கு அடியில். இனி நாலரை மணி வரைக்கும் குப்புறத்தான். கோமளவல்லி முகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, ஒரு கையைத் தலைக்கு மேலாகவும் மற்றதை உடம்போடு ஒட்டியும் வைத்துக்கொண்டாள். நீச்சல் தெரியாத ஒருத்தி கட்டிலில் நீச்சல் அடிப்பதுபோல இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முதல் நாள் இந்தப் படுக்கை மூச்சை அடைத்தது. ஆறாவது நாளான இன்று, எப்போது இரண்டரை ஆகும் என்று இருந்தது. நுரையீரலில் முதுகுப் பக்கம்தான் இடம் அதிகம், மல்லாந்தே கிடந்தால் அந்த இடம் அமுங்கிப்போகும், கவிழ்ந்து படுத்தால் அங்கே காற்று எட்டும் என்று வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். இப்படிக் காரணத்தோடு சொன்னால் அவளுக்குப் பிடிக்கும். சத்தியமங்கலத்தில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக வேதியியல் ஆய்வக உதவியாளர். காரணம் சொல்லாமல் ஒரு சோதனைக் குழாயைக்கூட யாரிடமும் நீட்டியது கிடையாது. தலைமாட்டுச் சுவரில் ஒரு புட்டி, அதில் பாதி தண்ணீர். தண்ணீருக்குள் குமிழ் விட்டுக்கொண்டு ஆக்சிஜன் வந்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குள் சில்லென்று ஏறிக்கொண்டிருந்தது. இதே சத்தத்தை எத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்த ஜாடியில் குமிழ் குமிழாக ஏறும் வாயு. ஜாடி நிரம்பியதும் தணல் குச்சியை உள்ளே விட்டால் பொசுக்கென்று தீப்பிடிக்கும். அந்த ஒரு நொடியில் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் ஹையென்பார்கள். எத்தனை ஜாடி பிடித்திருப்பாள். இப்போது அந்த வாயு அவளுக்கென்றே ஒரு குழாயில் வருகிறது, நிமிஷத்துக்கு நாலு லிட்டர். வெள்ளிக்கிழமை எட்டாக இருந்தது. எட்டு, ஆறு, ஐந்து, நாலு. இறங்குகிற எண்ணிக்கையை நினைத்தபடி கிடப்பது சுகமாக இருந்தது.

சுகம் என்ற சொல் மனசுக்குள் வந்ததும் அவள் விரல்களை அசைத்துப் பார்த்தாள். தலைக்கு மேலே கிடந்த வலது கையை மூடினாள், திறந்தாள். மூடும்போது நான்கு விரலும் உள்ளங்கையைத் தொட்டன. இதை அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறாள், யாரும் பார்க்காதபோது. பதினோரு வருஷமாக இந்தக் கை இப்படி மூடியதில்லை. காலையில் எழுந்தால் பத்து விரலும் பத்துக் கட்டைகள். வீட்டில் எல்லாருக்கும் முன்னால் நாலரைக்கே எழுந்து, சமையலறை வாளியில் வெந்நீர் ஊற்றிக் கையை அமிழ்த்தி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால்தான் காபித் தூள் டப்பாவைத் திறக்கவே முடியும். வீங்கிய முட்டிகள். வளையல் போடுவதை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. இங்கே வந்து மூன்றாம் நாள் காலை, கஞ்சி டம்ளரை வாங்கி, அதை ஒரு கையால் பிடித்திருக்கிறோம் என்பதையே அவள் கஞ்சி குடித்து முடித்த பிறகுதான் கவனித்தாள். அன்றைக்கு ஊசி போட வந்தபோது சிஸ்டர் தட்டில் கிடந்த சின்னக் கண்ணாடிக் குப்பியின் எழுத்தைப் படித்துவிட்டாள். எழுத்து இருந்தால் படிக்காமல் விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. டெக்ஸாமெதசோன். மூச்சுக்காகப் போடுகிற ஊசி, வார்டில் எல்லாருக்கும் அதுதான். ஆனால் அவள் தினமும் காலையில் சாப்பிடுகிறாளே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, அதற்கு இது அண்ணன் முறை, இரண்டும் ஸ்டீராய்டு. நுரையீரலுக்கு என்று போட்டது, போகிற வழியில் கைக்கும் நல்லது செய்துவிட்டது. ஊரே செத்துப் பிழைக்கிற வார்டில் வந்து படுத்து, பதினோரு வருஷ வலி போய், வேளா வேளைக்கு முட்டை தின்று, பகலில் தூங்கி, இவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதை யாரிடம் சொல்ல முடியும். சொன்னால் அடிக்க வருவார்கள். அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கமும் குப்புறப் படுத்திருக்கும்போது அவ்வளவாக உறைப்பதில்லை.

அப்போது, நன்றாகப் போய்க்கொண்டிருந்த நூல் முடிச்சில் மாட்டுவதுபோல, நினைப்பு போய் அந்த இடத்தில் நின்றது. இன்றைக்குப் புதன்கிழமை. காலையில் அவர் போனில் ஞாபகப்படுத்தினார். அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், நல்லசிவம், மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுக்கிறவர். காய்ச்சல் அவருக்கும் வந்தது, இரண்டே நாளில் போய்விட்டது, இப்போது வீட்டோடு அடைந்து கிடக்கிறார். "கோமளா, இன்னைக்குப் புதன், கை மாத்திரையை மறந்துறாதே," என்றார். பதினோரு வருஷத்தில் ஒரு புதன்கிழமைகூட அவர் மறந்ததில்லை. ஆறு மஞ்சள் மாத்திரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலரை மணி டீக்கு முன்னால். அதைத் தவிர தினமும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. இரண்டுக்கும் சேர்த்து அவர் வைத்திருக்கும் பெயர் கை மாத்திரை. அவள் நோய்க்கு அவர் வைத்திருக்கும் பெயர் கைவலி. மருந்துக் கடைக்குப் போவது, கோயமுத்தூருக்குக் கூட்டிப்போவது, வெந்நீருக்கு அடுப்பைப் பற்றவைத்துத் தருவது எல்லாம் செய்வார். ஆனால் நோய் என்று வாயால் சொல்லமாட்டார். மாத்திரைகள் கட்டிலுக்குப் பக்கத்துப் பெட்டியில், துணிப்பைக்குள், பவுடர் டப்பாவுக்குள் இருந்தன. வெள்ளை மாத்திரையை வந்த மறுநாள் காலையில் மட்டும் யாருக்கும் தெரியாமல் கஞ்சியோடு விழுங்கினாள், பிறகு கை நன்றாக இருந்ததால் விட்டுவிட்டாள். மஞ்சள் மாத்திரைக்கு இன்றைக்குத்தான் நாள். நாலரைக்கு டீ வரும். ஆக, நேரம் ஒன்றே முக்கால் மணி இருக்கிறது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கணக்கே வந்திருக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்புலன்ஸில் வந்து இறங்கி, மூச்சு மேலும் கீழும் வாங்க, சக்கர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது, கண் மட்டும் தெரிகிற ஒரு பயிற்சி டாக்டர் பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள், வேற என்னென்ன நோய் இருக்கு என்று. நல்லசிவம் கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு பதில் சொன்னார். சர்க்கரை இல்லீங்க, பிரஷர் இல்லீங்க, இருதயம் எல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க, இருபது வருஷத்துல ஆஸ்பத்திரின்னு படுத்தவளே இல்லீங்க, ஒண்ணுமே இல்லீங்க. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது, பெண்ணுக்கு முதல் மார்க் வந்ததைச் சொல்கிறவர்போல. அவர்கள் தெருவில் நோய் என்றால் சர்க்கரையும் பிரஷரும்தான். நாலு பேர் பேசிக்கொண்டால் எனக்கு இவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று அதைத்தான் கேட்பார்கள். அது இல்லாதவர் நோயில்லாதவர். மூட்டுவலி, இடுப்பு வலி, கைவலி எல்லாம் வலிகள், நோய் கிடையாது. அந்தப் பெண் படிவத்தில் 'இல்லை' என்று எழுதி நீளமாக ஒரு கோடும் இழுத்தாள். கோமளவல்லிக்குப் பேச மூச்சில்லை என்பது உண்மை. ஆனால் தலையாட்டக்கூட முடியாத அளவுக்கு இல்லை. அவளுக்கும் அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. பிறகு அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பதாம் நம்பர் கட்டில் காலியானது. அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

ஒன்பதாம் நம்பர் பெனசீர். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்ட, கன்னத்தில் மாநிறத்துக்கு மேலே சிவப்புப் படர்ந்திருந்த பெண். கோமளவல்லியைப் பார்த்தால் அக்கா என்று கையை ஆட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்து கட்டிலோடு தள்ளிக்கொண்டு கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிற வார்டுக்குப் போனார்கள். அதை இங்கே எல்லாரும் 'உள்ளே' என்றுதான் சொல்வார்கள். தள்ளிப்போனவர்களில் ஒருவர் மற்றவரிடம், லூபஸ் கேஸ், ஆட்டோஇம்யூன்னா எப்பவும் ஒரு பயம்தான் என்று சொன்னது கோமளவல்லியின் காதில் விழுந்தது. ஆட்டோஇம்யூன் என்ற சொல் அவளுக்குத் தெரியும். கோயமுத்தூர் டாக்டர் முதல் தடவையே தாளில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். வீட்டுக்குக் காவல் போட்ட ஆள் திருடனை அடிப்பதற்குப் பதிலாக வீட்டுக்காரரையே அடிக்கிறான், உங்களுக்கு மூட்டில் அடிக்கிறான், இன்னொருத்தருக்குத் தோலில், கிட்னியில் அடிப்பான், குடும்பம் ஒன்றுதான் என்றார். அப்படியானால் பெனசீரும் தானும் ஒரே குடும்பம். அன்றைக்கு மத்தியானம் கைப்பேசியைத் திறந்தால், பெரியம்மா மகன் அனுப்பிய, யாரோ எழுதிய செய்தி, எதிர்ப்புச் சக்தி தவறாக வேலை செய்கிறவர்களுக்குக் கொரோனா வந்தால் அவ்வளவுதான் என்று, கீழே பெயரில்லை, ஊரில்லை. பெயரில்லாத எழுத்தை அவள் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்த 'அவ்வளவுதான்' அன்று முழுக்க வயிற்றில் கிடந்தது. இத்தனைக்கும் அன்று சாயங்காலம் ஆக்சிஜனை எட்டிலிருந்து ஆறுக்கு இறக்கினார்கள்.

"ஏனம்மிணி, தூங்கறியா, தூங்கறாப்பல நடிக்கறியா?" என்றது பக்கத்துக் கட்டில். பவானியில் இட்லிக் கடை வைத்திருக்கும் சம்பூரணம்மாள். அறுபது வயசு, அவளும் குப்புறத்தான் கிடந்தாள், முகம் மட்டும் இந்தப்பக்கம். நடிக்கிறேன் என்று கோமளவல்லி சொன்னாள். நடிப்பு நல்லாருக்குது, குறட்டை மட்டும் பத்தலை என்றாள் சம்பூரணம்மாள். பிறகு, தான் இப்படிக் கவுந்து படுத்து நாற்பது வருஷம் ஆகிறதென்றும், வயிறு என்று ஒன்று இருப்பதே இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துதான் தெரிந்ததென்றும், கடையில் மருமகள் உளுந்தைக் குறைத்துப் போடுகிறாளோ என்று நினைத்தால்தான் மூச்சு வாங்குகிறதென்றும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்குச் சர்க்கரை முந்நூறு. அதை அவள் மறைத்ததே இல்லை, எதிர்க்கட்டில் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். உனக்கென்ன அம்மிணி, ஒரு சீக்கும் இல்லாத உடம்பு, நீ நாளைக்கே எந்திரிச்சு ஓடிருவே என்றாள். வார்டு முழுக்க இப்போது அப்படித்தான் பெயர். கோமளவல்லி ம் கொட்டினாள். கொட்டிய ம் தலையணையிலேயே அமுங்கிவிட்டது. சம்பூரணம்மாள் பேச்சை எங்கே விட்டாளோ அங்கேயே தூங்கிப்போனாள்.

மூன்றரைக்கு ஜெனிட்டா சிஸ்டர் வந்து விரலில் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்றைந்து. கவச உடைக்குள்ளே அந்தப் பெண் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பாள், நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டிருந்தாள். கோமளவல்லி நேராகக் கேட்காமல், அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு, அக்கா அக்காம்பாளே, அவளுக்குத் தேவலையா என்று சுற்றிக் கேட்டாள். அப்படியேதான் இருக்காங்கம்மா, கிட்னியும் முன்னாலேயே கெட்டிருக்கு, அதனாலதான் உள்ள வச்சுப் பார்க்கறோம் என்றாள் சிஸ்டர். வந்த அன்னைக்கே ஒரு பை நிறைய ரிப்போர்ட் எடுத்துட்டு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, ரொம்பத் தெளிவான பொண்ணு என்றும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். இப்போது கோமளவல்லிக்குச் சுற்றுவதற்கு இன்னொரு வட்டம் கிடைத்தது. எல்லாவற்றையும் சொன்ன பெண் உள்ளே போனாள். ஒன்றும் சொல்லாதவள் ஜன்னலோரம் கிடக்கிறாள். சொன்னதால் உள்ளே போனாளா? இல்லை, கிட்னி கெட்டதால் போனாளா? கிட்னி கெட்டது அந்த நோயால்தானே? அப்படியென்றால் தனக்கு? தனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, கிட்னி, ஈரல் எல்லாம் சரி என்றுதான் வந்திருக்கிறது. சரி. அப்படியானால் பயமில்லை. பயமில்லை என்றால் ஏன் சொல்லவில்லை? சொன்னால் மறுபடி படிவம் எடுப்பார்கள், கூடி நின்று பார்ப்பார்கள், அந்தப் பார்வை மாறும். கண் மட்டும் தெரிகிற ஆட்களிடம் பார்வை மாறினால் அது ஒன்றுதான் தெரியும். பிறகு கட்டிலில் சக்கரம் வைத்திருக்கிறது, தள்ளுவதற்கு எவ்வளவு நேரம். இந்த இடத்துக்கு வந்ததும் மூச்சு குறுகியது. உடனே அவள் எண்ணை நினைத்தாள், எட்டு, ஆறு, ஐந்து, நாலு. தண்ணீரில் குமிழ் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது. மூச்சு மறுபடி நீண்டது.

பள்ளிக்கூடத்திலும் அவள் சொன்னதில்லை. கண்ணாடி மூடி இறுகிய அமிலப் புட்டிகளை அவளால் திறக்க முடியாமல் போன வருஷம், அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இங்கே யாருடி பலசாலி என்று பதினொன்றாம் வகுப்பைப் பார்த்துக் கேட்பாள். நான் நீ என்று வருவார்கள். கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்று, எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் திருக வேண்டும், மூடியைக் கீழே வைக்காமல் விரலிடுக்கில் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் திறக்கவைப்பாள். திறந்தவளுக்கு அன்றைக்கு அமிலராணி என்று பட்டம். தலைமை ஆசிரியை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குச் செய்ய விட்டுச் சொல்லித் தருகிற ஒரே ஆள் நீதான் என்று புகழ்ந்துவிட்டுப் போனார். கோமளவல்லி அதை நினைத்துத் தலையணைக்குள் சிரித்தாள். பொய்யில் பிறந்த புகழ்தான், ஆனால் பிள்ளைகள் உண்மையிலேயே கற்றுக்கொண்டார்கள். அந்த அறையில் இருநூற்றுச் சொச்சம் புட்டிகள், ஒவ்வொன்றிலும் அவள் கையால் எழுதி ஒட்டிய சீட்டு. சீட்டு இல்லாத புட்டி கண்ணில் பட்டால், உள்ளே எவ்வளவு சுத்தமான சரக்கு இருந்தாலும், நிறைய நீர் விட்டுக் கொட்டிவிடுவாள். எது என்று தெரியாததை எதோடு சேர்ப்பது. ஆனால் அதைவிட மோசமானது ஒன்று உண்டு, சீட்டு மாறி ஒட்டியது. சீட்டில்லாத புட்டியைக் கண்டால் ஒதுங்கிப்போவார்கள், மாறிய சீட்டைக் கண்டால் நம்பி எடுப்பார்கள். அவள் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்குகிறது. அதில் 'இல்லை' என்று எழுதிக் கோடு இழுத்திருக்கிறது. கால் பெருவிரலை நீட்டினால் தொடலாம்போல அவ்வளவு பக்கத்தில்.

போன புதன்கிழமை வீட்டில் நூற்றிரண்டு காய்ச்சலோடு அந்த ஆறு மாத்திரையையும் விழுங்கினாளே, அது வேறு. காய்ச்சல் வந்தால் மஞ்சள் மாத்திரையை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். காவல்காரனைத் தட்டி உட்காரவைக்கிற மாத்திரை அது, நிஜத் திருடன் வரும்போது அவனை உட்காரவைக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்வார். வெள்ளை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் தலை தூக்க முடியாமல் போகும், எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்று. முதலில். அவள் ஆறாம் நாள்வரை வந்துவிட்டாள். வியாழனன்று மூச்சு திணற ஆரம்பித்தது அந்த ஆறு மாத்திரையாலா? வெறுமனே காய்ச்சலின் ஏழாம் நாள் என்பதாலா? யாருக்குத் தெரியும், கோயமுத்தூர் டாக்டருக்கும் தெரிந்திருக்காது. சரி, இப்படிச் செய்தால் என்ன. இன்றைக்கு ஆறையும் விழுங்க வேண்டாம். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஊசி ஞாயிற்றுக்கிழமை வரை உண்டு என்று காலையில் சொன்னார்கள். வீட்டுக்குப் போன மறுநாளே வெள்ளை மாத்திரையைத் தானாகத் தொடங்கிவிடலாம், கோயமுத்தூருக்குப் போன் செய்யலாம். யாருக்கும் நஷ்டமில்லை. யோசனை வந்ததும் உடம்பெல்லாம் தளர்ந்து, ஜன்னல் வழியாக வந்த வெயில் முழங்கையில் இருப்பது தெரிந்தது. வேப்பமரத்தில் அணில் ஒன்று தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல யோசனை மூன்று மணிக்கே ஏன் வரவில்லை. கொஞ்சம் கண்ணும் அசந்தது.

கண் விழித்தபோது நாலு இருபது. கால்மாட்டில் அட்டையைப் புரட்டும் சத்தம். டாக்டர் சரவணபவன். சின்ன வயசு, நெஞ்சில் பெயரைக் கோணலாக எழுதியிருப்பார். அவர் எப்போதும்போல உற்சாகமாகப் பேசினார். எழுந்திரிக்க வேண்டாம், அப்படியே கேளுங்கம்மா, நாளைக்குக் காலையில் ஆக்சிஜனை எடுத்துப் பார்ப்போம், தாங்கினால் சாயங்காலமே வீட்டுக்கு, ஊசியையும் இன்றோடு நிறுத்திவிடலாம், வெளியே கட்டிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்றார். பிறகு தன்னோடு வந்த பயிற்சி டாக்டர் பெண்ணிடம் திரும்பினார். இவங்களைப் பார்த்துக்கோ, நாற்பத்தெட்டு வயசு, சுகர் இல்லை, பிரஷர் இல்லை, வேற எந்த வியாதியும் இல்லை, அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் தேறியிருக்காங்க, எழுதிக்கோ என்றார். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். ஊசி இன்றோடு என்றதுமே கோமளவல்லி போட்டிருந்த கணக்கில் முதல் வரியே அழிந்துபோனது. ஆனாலும் அந்தக் கணத்தில் அவளை உறுத்தியது அதுகூட இல்லை. அந்தப் பெண் எழுதப்போகிற வரிதான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உப்பைப் பரிசோதித்து எழுதும் நோட்டில் மூன்று பத்தி இருக்கும், சோதனை, காண்பன, அறிவன என்று. கண்ணால் கண்டதைச் சரியாக எழுதிவிட்டு, அதிலிருந்து அறிவதைத் தப்பாக எழுதுகிற பிள்ளையை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. ஆசிரியை கையெழுத்துப் போடுமுன்னே மெல்லப் பக்கத்தில் போய், கண்ணு, நிறம் சரி, காரணம் தப்பு, மறுபடி பாரு என்பாள். இந்த அம்மாள் சீக்கிரம் தேறினாள் என்பது காண்பன. அது சரி. எந்த வியாதியும் இல்லாததால் தேறினாள் என்று ஒரு பிள்ளை நோட்டில் எழுதுகிறது. நாளைக்கு அது இன்னொரு கட்டிலுக்குப் போய் இதையே நம்பும்.

"அது தப்புங்க சார்," என்றாள் கோமளவல்லி. தலையணையில் வாய் அமுங்கியிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. அவள் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி, "காரணம் தப்புங்க. எனக்கு முடக்குவாதம் இருக்குது. பதினோரு வருசமா," என்றாள். பயிற்சி டாக்டரின் பேனா நின்றது. கோமளவல்லி, ஒரு தடவை நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதுபோல, எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளை மாத்திரை தினம் ஒன்று, பெயர் இது, அளவு இவ்வளவு, இங்கே வந்து ஒரு நாள் சாப்பிட்டது, பிறகு விட்டது. மஞ்சள் மாத்திரை புதன்கிழமை ஆறு, போன வாரம் காய்ச்சலோடு சாப்பிட்டது, இன்றைக்கு இன்னும் சாப்பிடவில்லை, அந்தப் பெட்டியில் பவுடர் டப்பாவில் இருக்கிறது. டாக்டர் சரவணபவன் பெட்டியைத் திறந்து, டப்பாவை எடுத்து, பவுடர் மணக்கிற அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். படிவத்தில் ஏன் எழுதவில்லை என்று அந்தப் பெண் கேட்டாள், அவளேதான் அன்று கோடு இழுத்தவள் என்பது குரலில் தெரிந்தது. எங்க ஊர்ல சர்க்கரையும் பிரஷரும்தாம்மா நோய், இது கைவலி என்றாள் கோமளவல்லி. பக்கத்துக் கட்டிலில் சம்பூரணம்மாள் கண்ணைத் திறக்காமலே, "அடிப்பாவி, அப்ப நீயும் எங்க கூட்டந்தானா," என்றாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கோபிக்கவில்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, ஆனாலும் அவள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். "என்னை உள்ளே மாத்திருவீங்களா சார்?" அவர் மாத்திரைகளைப் பெட்டி மேல் வைத்தார். "நோயோட பேரைப் பார்த்து யாரையும் உள்ள அனுப்பறதில்லைங்கம்மா. மூச்சைப் பார்த்துத்தான் அனுப்பறோம். உங்க மூச்சு நல்லாருக்கு." இந்த மாதிரி நோய் இருக்கிறவர்கள் நிறையப் பேர் மற்றவர்களைப்போலவே தேறி நடந்து போகிறார்கள், சிலருக்குக் கஷ்டமாகவும் ஆகிறது, வயசு, கிட்னி, என்ன மாத்திரை எத்தனை நாளாக என்று எல்லாம் சேர்ந்துதான் அது, பேர் ஒன்றை வைத்துக்கொண்டு யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். ஆனால் எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது என்று முடிவு செய்ய எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், கோயமுத்தூர் டாக்டரிடம் இன்றைக்கே பேசுகிறேன். ஊசியை இன்றோடு நிறுத்துவது என்ற பேச்சே இல்லை, பிறகு வெள்ளை மாத்திரைக்கு மாற்றித்தான் வீட்டுக்கு அனுப்புவோம். அதனால் நாளைக்குப் போக முடியாது, இன்னும் மூன்று நாலு நாள் இருக்க வேண்டும் என்று, அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்து மெதுவாகச் சொன்னார். கோமளவல்லிக்கு வருத்தம் வரவில்லை. இரண்டரை மணியிலிருந்து, இல்லை, வெள்ளிக்கிழமையிலிருந்தே முதுகின் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன இடம் லேசாக இருந்தது. இன்னும் நாலு நாள் அந்த ஜன்னல், அந்த முட்டை. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒருநாள் நான் பேசணும் என்றார் டாக்டர். பேசுங்க சார், அவரு பயந்துக்குவாரு, மெல்லப் பேசுங்க என்றாள்.

நாலரை ஆனது. ஜெனிட்டா சிஸ்டர் வந்து அவளைத் திருப்பி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். டீ வந்தது. டாக்டர் இன்னும் போகவில்லை. பயிற்சி டாக்டர் புதுத் தாள் ஒன்றை அட்டையில் மாட்டிக்கொண்டு நின்றாள். அவர் கோமளவல்லியின் வலது கையை எடுத்து, கையுறை போட்ட கட்டைவிரலால் ஒவ்வொரு முட்டியாக அழுத்திக்கொண்டு வந்தார். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். இவ்வளவு நிதானமாக அந்தக் கையை இங்கே யாரும் பார்த்ததில்லை. "வலிக்குதாம்மா?" என்றார். இல்லை என்று சொல்வது அவளுக்குப் பழக்கம். பதினோரு வருஷமாக யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அது உண்மையும்கூட. "இப்ப இல்லைங்க சார்," என்றாள். பிறகு, "ஊசி நின்னா வலிக்கும். காலையில ரொம்ப வலிக்கும்," என்றாள். அவர் தலையாட்டினார். அந்தப் பெண் எழுதினாள். கோமளவல்லி டீயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, லேசாக எட்டி, 'இப்போது' என்ற சொல்லை அந்தப் பெண் விட்டுவிடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள்.